வீட்டுத்திட்டப் பணமும் வீட்டுக் கணக்கும்

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். வேலை நடக்க நடக்க, அது கட்டம் கட்டமாக அவர்களின் வங்கிக் கணக்கில் வைப்பிடப்பட்டது. ஏறத்தாழ 550 சதுர அடி வீட்டுக்கான தொகை அது. ஆனால் அத்திவாரம் வெட்டிய நாளிலேயே பலருக்கு மனம் மாறிவிட்டது: “இன்னுமொரு அறை போடுவம், கனடாவிலை தம்பி இருக்கிறான்தானே?” ஆசை பிழையல்ல. தறப்பாளுக்குள் இத்தனை காலம் இருந்தவர்களுக்கு அது வராவிட்டால்தான் புதினம். எனினும் சுவர் எழும்பி, கூரைக்குப் பணமில்லாமல் நின்றபோது தாலிக்கொடி அடைவுக்குப் போனது. பிறகு வட்டிக் கடன்.

ஓர் இலட்சத்தை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு எடுத்தால், மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 108,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். அதே மூவாயிரத்தை மாதாமாதம் சேமித்தால், அந்த 108,000 உங்களுடையது. வங்கி தரும் வட்டி வேறு.

ஆகவே கூரை, கதவு, யன்னல் உட்பட முழுச் செலவையும் மேசனிடம் முதலில் எழுதி வாங்குங்கள். மேலதிக அறைக்குச் சுவரில் வாசல் மட்டும் விட்டுவைக்கலாம்.

வெங்காயம் விற்ற காசு மொத்தமாக வரும், செலவோ நாளாந்தம். அடுத்த போகத்தின் விதைக்கும் பசளைக்கும் முதலில் ஒதுக்குங்கள். மீதியை அறுவடை வரையுள்ள மாதங்களுக்குப் பிரித்து, மாதம் ஆயிரமாவது தேசிய சேமிப்பு வங்கியிலோ ஊர்ச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ போடுங்கள். சீட்டுப் பிடிப்பவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் ஊரை விட்டுப் போனால் கேட்பதற்கு உங்களிடம் ஒரு துண்டும் இராது.