ஊவாத் தோட்டத்து மாணவரும் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பும்

நமுனுகுல மலைச்சரிவிலுள்ள ஸ்பிரிங்வெளியிற் பறிக்கப்படும் கொழுந்து, ஆடி ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்றினால் தனிமணம் பெறுகிறது. மெதைல் சலிசிலேற்று முதலிய எளிதில் ஆவியாகும் சேர்வைகளே அம்மணத்தைத் தருவன என்பர் இரசாயனவியலார். அக்கொழுந்தைப் பறிக்கும் தாயின் மகள் அதே சேர்வைகளை ஆய்வுகூடத்தில் ஆராய்வதற்கு எத்தனை படிகளைக் கடக்க வேண்டியுள்ளது என்பதே இங்கு நோக்கற்பாலது.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் புறத்தே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டமக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எழுபதுகளிலேதான் அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இன்றும் உயர்தர விஞ்ஞானம் கற்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் பதுளை நகருக்கு இறங்கிவர வேண்டும்.

விஞ்ஞானத் துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. பதுளை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆயினும் மாவட்டம் என்னும் அளவுகோல் நகரையும் தோட்டத்தையும் பிரித்தறியாது. மருத்துவர் மகனுக்கும் லயன் அறை விளக்கிற் படித்தவளுக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே.

இவற்றையெல்லாம் தாண்டிப் பட்டம் பெற்றவர் முன் வேறொரு தடை நிற்கிறது. 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் பட்டப்படிப்பு மாணவருக்கே உதவுவது. பட்டம் கிடைத்ததும் வீடு சம்பளத்தை எதிர்பார்க்கிறது. ஆசிரிய நியமனம் கைக்கெட்டியிருக்க, ஆய்வுக்கெனக் காத்திருப்பவரைத் தன்னலக்காரர் என அயலார் எண்ணுவதும் உண்டு. அவ்வெண்ணத்தை நாம் எளிதிற் குறைகூற முடியாது; தம்பி தங்கையர் படிப்பு அச்சம்பளத்திலேயே தங்கியுள்ளது.

ஆய்வுகூடத்திலோ தனிமை. கருத்தரங்கில் ஆங்கிலத்திற் பேசத் தயங்கும் மாணவியின் மௌனம் அறிவின்மையாகக் கொள்ளப்படுகிறது. தோட்டத்து முகவரியைச் சொல்லக் கூசுவோரும் உளர். உளச்சோர்வு பெரும்பாலும் இங்ஙனமே தொடங்குகிறது. உளவளத்துணையாளரிடம் தமிழிற் பேச இயலாவிடின் அது மேலும் ஆழ்கிறது.

மேற்பார்வையாளர் செய்யத்தக்கன பல. உதவிப்பணம் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தரலாம். வாரந்தோறும் ஒரு நேரத்தை ஒதுக்கி, முதல் வரைவைத் தமிழிலேனும் பேசவிடலாம். ஊக்கமொழி நூறு கூறுவதினும் இவ்விரண்டும் பெரிது என்பது எமது கருத்து.

தொழில்வழிகளும் தொலைவில் இல்லை. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உளது; 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் தோன்றியது. இவற்றிற்கு விண்ணப்பம் எழுதும் முறையை மூத்த ஆய்வாளர் ஒருவர் இளையவர் அருகமர்ந்து காட்டுதல் வேண்டும். அதற்குச் சங்க அறையில் வாரம் ஒரு மாலைப்பொழுதும் ஒரு மேசையும் போதும்.