பழைய காரில் பச்சைக் குழந்தை: மடி மட்டும் போதுமா?

அண்மையில் வடமராட்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அது பெண்கள் மட்டுமே வாழும் வீடு. அம்மம்மா, அவருடைய மகள், மகளின் இரண்டு மாதக் குழந்தை. குழந்தையின் இதயத்தில் சிறு குறைபாடு இருப்பதால் மாதம் ஒரு தடவை யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். மறுநாள் கிளினிக் நாள்.

விறாந்தையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. கனடாவில் உள்ள பெரியம்மா அனுப்பிய, காரில் வைக்கும் குழந்தை இருக்கை. வாசலில் அயல்வீட்டுப் பெரியவரின் வாடகைக் கார் நின்றது. 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ40 சொமர்செற்.

இருக்கையைக் கண்டதும் அம்மம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"உதுக்குள்ள இருத்திக் கட்டினா பிள்ளைக்கு நாரியெல்லோ நோகும். முள்ளிவாய்க்காலில இருந்து இவளை இந்தக் கையிலதானே தூக்கிக்கொண்டு வந்தனான். கையை விடப் பாதுகாப்பு வேற என்ன இருக்கு, பிள்ளை?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் என் அம்மாவின் மடியில் இருந்து வந்தவள் நான். நம்மில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இருப்பது ஒரு தாய் கையை விடாமல் பிடித்திருந்ததால்தான். அந்த அனுபவத்தைத் தவறென்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஓடுகின்ற வாகனத்தின் கணக்கு வேறு.

கை ஏன் போதாது?

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னால் போவார்கள். அந்த வேகம், ஏறத்தாழ 20 அடி உயரத்தில் இருந்து விழுபவர் நிலத்தை அடையும்போது இருக்கும் வேகத்துக்குச் சமம்.

ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிறுத்தப்பட்டால், அது ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட பாரம்போல் முன்னுக்கு இழுக்கும். ஒரு சீமெந்துப் பையின் பாரம் அது. எந்தத் தாயும் அந்தக் கணத்தில் அதைப் பிடித்து வைத்திருக்க முடியாது. அன்பு குறைந்ததால் அல்ல, மனிதக் கைகளுக்கு அந்த வலு இல்லை என்பதால். தாயும் பட்டி அணியாதிருந்தால் அவருடைய உடம்பே குழந்தையை நசுக்கிவிடும்.

சரியாகப் பாவித்தால் இந்த இருக்கைகள் விபத்தில் கைக்குழந்தைகளின் இறப்பை ஏறத்தாழ 70 சதவீதம் வரை குறைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 'சரியாக' என்ற சொல்லில்தான் விடயம் இருக்கிறது.

வீதி மாறியது, கார் மாறவில்லை

நம் பகுதியில் பழைய கார்கள் ஏன் இவ்வளவு காலம் ஓடுகின்றன என்பது நமக்குத் தெரியும். 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு. பிறகு போர். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓடியவை இந்தக் கார்கள். காயப்பட்டவர்களையும் பிரசவத் தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவையும் இவைதான். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை தொடங்கவில்லை. ஆகவே உள்ளதைத் திருத்தித்தான் ஓடவேண்டியிருந்தது.

அன்று குண்டும் குழியுமான வீதியில் எந்தக் காரும் வேகமாக ஓட முடியாது. இன்று காப்பெற் வீதி. பஸ்களும் டிப்பர்களும் பறக்கின்றன. ஏ40 போன்ற கார்கள் செய்யப்பட்ட காலத்தில் அவற்றுக்கு ஆசனப்பட்டியே கிடையாது. இன்று நாம் அணியும், தோளையும் இடுப்பையும் தாங்கும் மூன்று முனைப் பட்டியே 1959இல்தான் வொல்வோ நிறுவனத்தின் கார்களில் வந்தது.

கயிறு கட்டிய கதை

அன்று மாலை அந்த இருக்கையைப் பின் ஆசனத்தில் வைத்துப் பார்த்தோம். இருக்கையோடு இரண்டு கொழுக்கிகள் வந்திருந்தன. பெரியவர் அவற்றை ஆசனத்தின் அடியில் இருந்த சுருள் கம்பியில் மாட்டினார். அது போதாதென்று நைலோன் கயிற்றால் சுற்றி இறுக்கினார். பார்வைக்கு அசையாமல்தான் இருந்தது. "சரி, இது போதும்" என்று நானும் நினைத்துவிட்டேன். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் இருந்த படப் புத்தகத்தை மகள்தான் எடுத்துப் பார்த்தாள். கொழுக்கி மாட்டுவதற்கென்று காரின் உடலோடு சேர்ந்த இரும்பு வளையங்கள் இருக்க வேண்டும். வட அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டளவில்தான் புதிய கார்களில் அவை கட்டாயமாயின. அவை இல்லாவிட்டால் ஆசனப்பட்டியால் கட்ட வேண்டும். வேறு எந்த வழியும் அதில் இல்லை. பிறகு நான் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி இழுத்தேன். சுருள் கம்பி நிமிர்ந்தது. இருக்கை என் கையோடு வந்தது. எல்லோரும் பேசாமல் நின்றோம்.

பெரியவருக்கு மனத்தாங்கல். "ஐம்பது வருசமா ஓடுறன், பிள்ளை. ஒரு கீறல் விழேல்லை." உண்மைதான். ஆனால் எதிரே வரும் வாகனத்தின் சாரதி அவர் அல்லவே.

மறுநாள் பின் ஆசனத்தில் மூன்று முனைப் பட்டியுள்ள வேறொரு காரைப் பிடித்தோம். இருக்கை சரியாகப் பொருந்தியது.

முதலில் இருக்கையைப் பாருங்கள்

வெளிநாட்டில் இருந்து வரும் இருக்கைகள் பெரும்பாலும் ஒருமுறை பாவித்தவை. ஆகவே:

1. விபத்தில் சிக்கிய இருக்கை வேண்டாம். வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் உள்ளே பழுதாகியிருக்கலாம். அனுப்பியவரிடம் கேளுங்கள்.

2. அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். எத்தனை கிலோவுக்கு உரியது என்பது அதில் இருக்கும். கனடா, அமெரிக்க இருக்கைகளில் காலாவதித் திகதியும் இருக்கும். அது கடந்திருந்தால் பாவிக்க வேண்டாம்.

3. இடுப்புப் பட்டியால் மட்டும் கட்டலாமா, மூன்று முனைப் பட்டிதான் வேண்டுமா என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். இது இருக்கைக்கு இருக்கை மாறும். பழைய வான்களில் இடுப்புப் பட்டி மட்டும் இருப்பதால் இது மிக முக்கியம்.

4. புத்தகம் இல்லாவிட்டால், இருக்கையின் மாதிரிப் பெயரை அனுப்பியவரிடம் சொல்லி அதன் படங்களைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லலாம்.

அடுத்து வாகனத்தைப் பாருங்கள்

1. பின் ஆசனம் முன்நோக்கி இருக்க வேண்டும். சில வான்களில் உள்ள பக்கவாட்டு ஆசனத்தில் குழந்தை இருக்கையை வைக்கக் கூடாது.

2. பட்டியின் துணி நைந்திருக்கிறதா, கொளுவி 'டக்' என்று பூட்டுகிறதா, சடுதியாக இழுத்தால் பட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

3. முன் ஆசனத்துக்கு எதிரே காற்றுப்பை இருந்தால் பின்நோக்கிய குழந்தை இருக்கையை அங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். காற்றுப்பை வெடித்து விரிந்தால் குழந்தையின் தலையில்தான் அடிக்கும். அந்த இடத்தில் 'எஸ்.ஆர்.எஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும்.

4. பழைய காரின் கதவுப் பூட்டு ஆட்டத்தில் திறக்கிறதா என்று பாருங்கள்.

பொருத்துவது எப்படி?

பச்சைக் குழந்தையின் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகு சேர்த்துத் தாங்கும். ஐரோப்பிய இருக்கைகளில் பின்நோக்கி வைக்கும்போது பட்டி போகும் வழி நீல நிறத்தில் காட்டப்பட்டிருக்கும்.

ஒருவர் இருக்கையை நன்றாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் பட்டியை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு பட்டி போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் திரும்பவும் இறுக்குங்கள். பழைய கார்களின் ஆசனம் மெத்தென்று பதிந்துவிடுவதால் இது ஒரே தடவையில் சரிவராது.

குழந்தையின் தலை நெஞ்சில் கவிழக் கூடாது, மூச்சு அடைபடும். இருக்கை நிமிர்ந்து நின்றால், புத்தகத்தில் அனுமதி இருந்தால், சுருட்டிய துவாயை அடியில் வைத்துச் சரிவாக்கலாம்.

குழந்தையின் தோள் வார், தோள் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழிருந்து வர வேண்டும். வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் தளர்வு என்று அர்த்தம். போர்வையை வாருக்கு உள்ளே சுற்றாதீர்கள். பூட்டிய பின் மேலே போர்த்துங்கள். வெயிலில் நின்ற காரில் கொளுவி சுடும். தொட்டுப் பார்த்த பின்பே பிள்ளையை வையுங்கள்.

பழைய காருக்குப் பட்டி போடலாமா?

போடலாம். ஆனால் அனுபவமுள்ள மெக்கானிக்தான் செய்ய வேண்டும். பட்டியின் போல்ட் ஆசனத்திலோ தகரத்திலோ அல்ல, காரின் பலமான உடலில் ஏற வேண்டும். அடியில் தடித்த இரும்புத் தகடு வைக்க வேண்டும். சாதாரண போல்ட் போதாது. ஆசனப்பட்டிக்கென்றே செய்த போல்ட் வேண்டும்.

எங்கள் பெரியவரும் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தளம் உக்கிப்போச்சு, இதில போல்ட் போடமாட்டன்" என்று சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர். இப்போது தளத்தை வெட்டி ஒட்டும் வேலை நடக்கிறது.

கேட்பதற்கு ஏன் தயங்குகிறோம்?

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் பெரும்பாலும் சொந்த வாகனம் இல்லை. இன்னொருவரின் காரில், அவருடைய தயவில் போகிறோம். ஆகவே "பின்னால் பட்டி இருக்கிறதா?", "கொஞ்சம் மெதுவாகப் போங்கோ" என்று கேட்பதே மரியாதைக் குறைவு போலத் தோன்றுகிறது. வாடகை கொடுத்தும் வாய் திறக்காமல் இருக்கிறோம். அன்று பெரியவரிடம் முதலில் பேசியது இருபத்திரண்டு வயதான அந்த இளம் தாய்தான். "அப்பு, உங்கட ஓட்டத்தில குறை இல்லை. இது பிள்ளைக்காக" என்றாள். அவ்வளவுதான். அவரே வேறு கார் பிடித்துத் தந்தார்.

இருக்கை இல்லாவிட்டால்

இந்த இருக்கை எல்லோருக்கும் கிடைக்காது. மடியில் கொண்டுபோவது பாதுகாப்பானது என்று என்னால் எழுத முடியாது. வேறு வழியே இல்லாதபோது ஆபத்தைக் குறைக்கச் சிலவற்றைச் செய்யலாம். குழந்தையோடு முன் ஆசனத்தில் இருக்க வேண்டாம். பட்டி இருந்தால் நீங்கள் அணியுங்கள். ஆனால் ஒரே பட்டிக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். சாரதியை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். இரவுப் பயணத்தைத் தவிருங்கள். ஓட்டோவில் குழந்தை இருக்கையை உறுதியாகப் பொருத்த வழி இல்லை. தூரப் பயணத்துக்கு அது வேண்டாம். பிள்ளை வளர்ந்ததும் மூலையில் போடப்படும் நல்ல இருக்கையை ஊரில் இன்னொரு தாய்க்குக் கொடுங்கள். மாதர் சங்கங்கள் இப்படி இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்து, கிளினிக் நாட்களில் கொடுத்து வாங்கலாம்.

கிளினிக் முடிந்து திரும்பிய அன்று அம்மம்மா குழந்தையின் பக்கத்தில் பின் ஆசனத்தில்தான் இருந்தார். வழி நெடுக அவருடைய ஒரு விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டு நித்திரை கொண்டது. வீட்டு வாசலில் வாரைக் கழற்றும்போது, "நல்லா இறுக்கித்தான் பிடிச்சிருக்குது" என்றார். இருக்கையைச் சொன்னாரா, பேரப்பிள்ளையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

தாய்மாரே, உங்கள் கைகள் செய்த காவலை எந்த இருக்கையும் ஈடுசெய்யாது. ஆனால் கார் ஓடும் அந்த நேரத்துக்கு மட்டும் அந்தக் காவலைப் பட்டியிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒருமுறை ஓங்கி இழுத்துப் பாருங்கள்.