தசை வளர்க்க எந்த வழி?

போன மாதம் ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாலிபத் தம்பிமார் இருவர் என்னிடம் வந்தார்கள். "அக்கா, நீங்கள் நேர்ஸ்தானே? ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ."

ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ் மட்டும் செய்தால் போதும் என்கிறார் ஒருவர். ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் கை என்று பிரித்து ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாகச் செய்தால்தான் உடம்பு வடிவாக வரும் என்கிறார் மற்றவர்.

தம்பிமாரே, தசைக்கு இந்தப் பிரிவுகள் தெரியாது. இனி இரண்டு முறைக்கு மேல் தூக்க முடியாது என்ற நிலைவரை அதை உழைக்க வைத்தோமா, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோமா, சாப்பாடும் நித்திரையும் கொடுத்தோமா என்பதுதான் முக்கியம். அப்படி உழைத்தால் 6 முறை தூக்கக்கூடிய பாரத்திலும் தசை வளரும், 20 முறை தூக்கக்கூடிய பாரத்திலும் வளரும்.

ஆனாலும் படிப்பு, வேலை என்று ஓடுகிறவர்களுக்கு முதல் வகை நேரத்தை மிச்சப்படுத்தும். ஸ்குவாட் ஒன்றே முன்தொடையையும் பிட்டத்தையும் சேர்த்து உழைக்க வைக்கும். பின்தொடைத் தசைக்கு அது போதாது; அதற்குக் காலை மடக்கும் மெஷின் உதவும். பெஞ்ச் பிரஸ் செய்தாலும் தோளின் பக்கத் தசைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதல் வகை சோறு என்றால் இரண்டாவது கறி.

தாதியாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. தெற்காசியருக்குப் பொதுவாகத் தசை குறைவு, நீரிழிவு ஆபத்து அதிகம். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பகுதியை உள்ளெடுப்பது தசைதான். பெரிய தசைகள் இருப்பதோ காலிலும் இடுப்பிலும். கண்ணாடியில் தெரியும் கையை மட்டும் வளர்த்துவிட்டுக் காலை மறக்காதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்கு வாரத்தில் 2 அல்லது 3 நாள் போதும். ஸ்குவாட், டெட்லிஃப்ட், தள்ளும் பயிற்சி ஒன்று, இழுக்கும் பயிற்சி ஒன்று, ஒவ்வொன்றிலும் 3 செட். பிறகு விருப்பமான சிறிய பயிற்சி இரண்டு. முதலில் குறைந்த பாரத்தில் முறையைப் பழகுங்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.6 கிராம் புரதம் நல்ல அளவு. 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் எல்லாம் எங்கள் சமையலறையிலேயே உண்டு.

ஒரு எச்சரிக்கை. முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்து, தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உடைந்த தசையிலிருந்து வெளிவருவது சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம்.

தீர்ப்புக் கேட்ட இருவருக்கும் நான் சொன்னது இதுதான்: "இரண்டு பேரும் சேர்ந்து போங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவதும் ஒரு ஸ்குவாட்தான்."