கோடையில் சருமக் களிம்புகளைக் காத்தல்

கங்கைகொண்ட சோழபுரம் வட்டாரத்தில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. தேங்காய் எண்ணெயோ ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உருகிவிடும். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே இவ்விரண்டும் சேர்ந்த களிம்புக்கு உறுதி தருவது மெழுகே. கோடைச் சரக்கில் அதன் பங்கைச் சிறிது கூட்டுதல் நலம்.

தகரக் கூரையின்கீழ்ச் சரக்கை வைத்தலாகாது. இரு மண்பானைகளுக்கிடையே ஈரமணல் இட்டு, இறுக மூடிய புட்டிகளை உட்பானையில் வைக்கலாம். நீர் ஆவியாகும்போது உட்புறம் குளிரும். ஜயங்கொண்டத்திற்கு அனுப்புங்கால் வைக்கோல் சுற்றி விடியற்காலையில் அனுப்புக; மூடிய வண்டியை வெயிலில் நிறுத்தற்க.

உருகிய களிம்பை நிமிர்த்தி வைத்து ஆறவிட்டால் மீண்டும் உறையும். சிக்கு வாடை வீசுவதையோ விற்றலாகாது. ஒரு புட்டி கெட்டால் அனைவரின் உழைப்புக்கும் இழுக்கன்றோ?