தந்தைக்குப் பின் கடை யாருக்கு?

தமிழர் குடியேறி வாழும் நகரங்களின் கடைத்தெருக்களில் நடப்போர், சில பெயர்ப்பலகைகளில் "அண்ட் சன்ஸ்" என்னும் ஒட்டினைக் காண்பர். 'இத்தொழில் என்னோடு முடியாது. என் மைந்தரும் நடத்துவர்' என்னும் நம்பிக்கையே அச்சொற்களின் பொருள். ஆயினும், அப்பலகையின் கீழ் அமர்ந்திருக்கும் தந்தையின் உள்ளத்தில் வேறொரு வினாவும் இருத்தல் கூடும். மகன் மருத்துவம் பயில்கிறான். மகள் கணினித் துறையில் பணியாற்றுகிறாள். எனக்குப் பின் இக்கடை யாருக்கு? இங்குக் கூடியுள்ள பெற்றோர் சிலருக்கும் இது சொந்த வினாவாக இருக்கலாம். அதற்கு வரலாறு தரும் விடையினைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெட்டியடிப் பையன்

கடல் கடந்து குடும்பத் தொழில் நடத்திய தமிழருள் முதன்மையாக எண்ணத்தக்கவர் செட்டிநாட்டு நகரத்தார் ஆவர். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர், இந்தோசீனா எனப் பல நாடுகளில் அவர்கள் லேவாதேவித் தொழில் நடத்தினர். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில், ஒரே கூரையின் கீழ்ப் பல நிறுவனங்கள் இயங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு மேசைப் பெட்டியும் பேரேடும் உண்டு. முதலாளி குடும்பத்தின் பெயரெழுத்துகளால் அமைந்த "விலாசம்" ஒன்றும் உண்டு.

அவர்தம் வலிமை பணத்தில் மட்டும் இருந்ததில்லை. பிள்ளைகளைப் பழக்கிய முறையிலும் இருந்தது. சிறுவர்கள் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். இருபதில் ஒரு பங்காகிய மா, எண்பதில் ஒரு பங்காகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி ஆகிய பின்னங்களை மனத்தாலேயே கணக்கிடப் பழகினர். பின்னர்ப் பெட்டியடிப் பையனாகக் கடைக்குள் நுழைந்து, ஏவல் செய்து, கணக்கெழுதி, அடுத்தாளாக உயர்ந்து, தகுதி கண்டபின் மேலாள் ஆயினர்.

வெளிநாட்டுக் கடையைப் பெரும்பாலும் நடத்தியவர் மேலாளே. முதலாளி ஊரில் இருந்தார். மேலாளுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைக்கும்; தவணை முடிவில் இலாபத்திற்கேற்ப வெகுமதியும் உண்டு. அப்பதவி மகனுக்கே உரியது என்னும் விதி இல்லை. மகன் என்னும் முறையில் சொத்தில் பங்கு வரலாம். கடையை நடத்தும் பொறுப்போ பயிற்சியால் மட்டுமே வரும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் கண்டதே அம்முறையின் நுட்பம்.

ஒரே வீடு, வேறு அடுப்பு

மற்றொரு வேறுபாட்டையும் அவர்கள் பேணினர். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் மணமான மைந்தர் பலர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர்; ஆயினும் அவர்தம் அடுப்புகள் வேறு. திருமணத்திற்குப் பின் புதுத் தம்பதியரைத் தனிச் சமையல், தனிச் செலவு என அமைத்துக் கொடுப்பதற்கு "வேறு வைத்தல்" என்று பெயர். கோயில் வரியும் மணமான ஒவ்வோர் இணையையும் ஒரு "புள்ளி"யாகக் கொண்டே கணக்கிடப்பட்டது. வீட்டுச் செலவும் தொழில் முதலும் ஒன்றாகக் கலவாதிருக்க இவ்வழக்கம் உதவியது. ஒரு மருமகள் மிகுதியாகச் செலவிட்டாள், மற்றொருத்தி குறைத்துச் செலவிட்டாள் என்னும் மனக்கசப்பு, கடையின் பேரேட்டைத் தொடாமல் காத்ததும் இதுவே.

பர்மா கற்பித்த பாடம்

எத்துணைச் சிறந்த முறையாயினும் காலத்தின் அடியைத் தாங்குவது எளிதன்று. 1930ஆம் ஆண்டை ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது பர்மிய உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறக்குறைய 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938இல் 25 விழுக்காடாயிற்று. நிலம் இழந்த உழவரின் துயரும் சினமும் அதனோடு வளர்ந்தன. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. பல குடும்பங்களின் இரண்டு மூன்று தலைமுறை உழைப்பு அங்கேயே நின்றுவிட்டது.

பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தின் கதை வேறு. முருகப்பச் செட்டியார் சிறுவயதிலேயே பர்மாவில் உறவினர் தொழிலில் பயின்று, 1900இல் மோல்மேனில் தம் தொழிலைத் தொடங்கினார். 1930களில் இக்குடும்பம் முதலைத் தாயகத்திற்கு மாற்றத் தொடங்கியது. பின்னர் வட்டித் தொழிலை விட்டு ஆலைத் தொழிலுக்கு வந்தது. 1949இல் சென்னையில் மிதிவண்டி நிறுவனத்தை நிறுவியது. அடுத்த தலைமுறை தந்தையின் தொழிலை அப்படியே தொடரவில்லை. தந்தையின் கணக்கறிவையும் நாணயத்தையும் புதிய தொழிலுக்குக் கொண்டு சென்றது. தொடர்ச்சி என்பது பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது.

மகளுக்கும் இடம் உண்டா?

இதே குடும்பத்தில் அண்மையில் வேறொரு வினா எழுந்தது. 2017இல் குடும்பத் தலைவர்களுள் ஒருவர் மறைந்தார். அவருக்குப் புதல்வியர் மட்டுமே. முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் வேண்டும் என மூத்த மகள் கோரினார். 2020இல் பங்குதாரர் வாக்கெடுப்பில் அக்கோரிக்கை தோற்றது, வழக்கும் தொடர்ந்தது. 2023 ஆகஸ்டில் இணக்கம் ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1989 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சட்டப்படி உரிமை உண்டு. இந்தியா முழுமைக்கும் 2005இல் அவ்வுரிமை வந்தது. சட்டம் விரைந்து மாறினும் பெயர்ப்பலகை மெல்லவே மாறுகிறது.

ஜப்பானியத் தச்சர்

ஒசாகா நகரின் கொங்கோ குமி என்னும் கோயில் கட்டும் நிறுவனம் கி.பி. 578இல் தோன்றியதாகக் கூறப்படுவது. மகன் தகுதியற்றவனாயின் தகுதியுடைய மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைச் சூட்டித் தலைமை தருவது அவர் வழக்கம். 20ஆம் நூற்றாண்டில் பெண் ஒருவரும் தலைமை ஏற்றார். அத்தகைய நிறுவனமும் 1980களில் நிலம், கட்டடங்களுக்காகப் பெருங்கடன் வாங்கி நலிந்தது. 2006இல் வேறொரு நிறுவனத்தின் கீழ் வந்தது. உரிமை கைமாறினும், தச்சர்கள் இன்றும் கோயில் கட்டுகின்றனர். பணம் அழிந்த இடத்தில் பயிற்சி நிலைத்தது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாறுகள் உணர்த்துவன சில. வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் வேறாக இருத்தல் வேண்டும். யாருக்கு என்ன பங்கு, யாருக்கு எப்பொறுப்பு என்பவற்றைத் தந்தை நலமாக இருக்கும்போதே எழுதி வைத்தல் வேண்டும். தொழிலை ஏற்க விரும்பும் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், முதலில் பிறரிடம் சில காலம் பணியாற்றிப் பழகுதல் நன்று; தந்தையின் கடையில் தவறுகளைச் சுட்டுவோர் குறைவு. விரும்பாத பிள்ளையை வற்புறுத்துதல், கடைக்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு. நெடுநாள் உடன் உழைத்த பணியாளர் ஒருவரிடம் கடையை ஒப்படைப்பதும் தோல்வியன்று.

மாணவச் செல்வங்களே, உங்கள் தாய் தந்தையர் கடையிலோ உணவகத்திலோ நிற்பதை நீங்கள் நாள்தோறும் காணலாம். அங்கே ஒரு விடுமுறை நாள் உடன் நின்று பாருங்கள். அக்கடையை நீங்கள் ஏற்பீர்களோ இல்லையோ, வந்தவரை முகமலர்ந்து வரவேற்பதையும், சொன்ன சொல் தவறாமையையும், ஒரு காசுக்கும் கணக்கு வைப்பதையும் அங்கே கற்கலாம். அவற்றுக்குப் பங்கு பிரிக்க வேண்டியதில்லை. மகனும் மகளும் முழுமையாகவே பெறலாம்.