பீனிக்ஸ் விமானத்தைச் சிறிதாகச் செய்வோம்

சினிமாப் படங்களில் ஆகாய விமானங்களைக் கண்டு களிப்போர் பலர். கண்டதைத் தம் கையாற் செய்து பார்க்க விரும்புவோர் சிலர். அச்சிலருக்கு 1965ஆம் ஆண்டில் வெளிவந்த "த பிளைற் ஒவ் த பீனிக்ஸ்" என்னும் ஆங்கிலப் படம் நல்லதொரு பாடமாகும்.

எலஸ்ரன் ட்ரெவர் எழுதிய நாவலைத் தழுவி றொபேட் ஓல்ட்றிச் இயக்கிய படம் இது. சரக்கு விமானமொன்று மணற்புயலிற் சிக்கிச் சஹாராப் பாலைவனத்தில் வீழ்கிறது. தண்ணீர் குறைகிறது, உதவி வருவதாயில்லை. பயணிகளுள் ஒருவனான டோர்ப்மன், உடைந்த விமானத்தின் நல்ல பாகங்களைக் கொண்டு வேறொன்று கட்டலாம் என்கிறான். இடப்புறத்து எஞ்சினையும் அதன் பின்னே நீளும் வாற்றண்டையும் எடுத்து, இரு செட்டைகளின் வெளிப்பாகங்களையும் அதிற் பொருத்துவதே அவன் திட்டம். உள்ளே இருக்க இடமில்லை. மற்றவர்கள் செட்டைமேற் படுத்தே செல்லவேண்டும். இடையில் ஓர் உண்மை வெளியாகிறது: அவன் தொழிலாக வடிவமைப்பவை மாதிரி விமானங்களே! எல்லோரும் திகைக்கின்றனர். அவனோ தளரவில்லை. மாதிரி விமானத்தில் விமானி இல்லை. பிழை நேர்ந்தாற் திருத்த ஆளில்லை. ஆதலால் அதை இன்னும் கவனமாக அமைக்கவேண்டும் என்பது அவன் வாதம்.

இது வெறும் கதையன்று. 1871ஆம் ஆண்டிற் பரிஸ் நகரில் அல்போன்ஸ் பெனோ என்பவர், முறுக்கிய இறப்பரால் இயங்கும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 செக்கனில் ஏறத்தாழ 40 மீற்றர் சென்றது. றைற் சகோதரர் பறந்தது 1903இலேதான்.

படத்துக்கென உண்மையாகவே பறக்கும் விமானமொன்று கட்டப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஒட்டோ ரிம். 1922இல் சாள்ஸ் லின்ட்பேர்க்கை முதன்முதல் ஆகாயத்துக்கு அழைத்துச் சென்றவர் இவரே. அதன் நீளம் சுமார் 45 அடி. செட்டை விரிவு சுமார் 42 அடி. 24இல் ஒரு பங்காகச் செய்தால், நீளம் 22½ அங்குலமும் விரிவு 21 அங்குலமும் ஆகும்.

மாணவர்கள் இங்கே சிறு கணக்கொன்றைக் கவனிக்கவேண்டும். நீளம் 24இல் ஒன்றாகும்போது செட்டையின் பரப்பு 576இல் ஒன்றாகிறது. கனவளவோ 13,824இல் ஒன்றாகிறது. பாரம் பரப்பிலும் வேகமாகக் குறைவதால், சிறு விமானம் எளிதில் மிதக்கும்.

பால்சா மரச் சட்டங்களால் உடலையும் செட்டைகளையும் அமைத்து, மெல்லிய கடதாசியை ஒட்டுக. மூக்கிலே சுழல்விசிறியும் உடலினுள்ளே இறப்பர் நாடாவும் பொருத்துக. செட்டைமேற் கிடக்கும் பயணிகளைக் கடதாசியாற் செய்து, இருபுறமும் சமபாரமாக வைக்கவேண்டும். பின்னர் செட்டை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றிலொரு பங்கு தள்ளி, இரு விரல் நுனிகளால் விமானத்தைத் தாங்கிப் பாருங்கள். வால் நீண்டதாகையாற் பெரும்பாலும் பின்புறமே தாழும். மட்டமாக நிற்கும்வரை மூக்கிற் சிறிது களிமண் சேர்க்கவேண்டும். இறப்பரை முறுக்குமுன் புல்வெளியில் மெல்ல எறிந்து பார்ப்பது அவசியம். மூக்கு நிமிர்ந்து தடுமாறினால் இன்னும் களிமண் வேண்டும். தலைகீழாகப் பாய்ந்தால் சிறிது குறைக்கவேண்டும்.

நமது விமானம் விழுந்தால் ஒரு குச்சி முறியும். பசையிட்டு மறுநாளும் பறக்கவிடலாம். பெரிய பீனிக்ஸுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1965 யூலை 8ஆம் திகதி, யூமா நகருக்கு அண்மையிலுள்ள பாலைவனத்தில், புகழ்பெற்ற விமானி போல் மான்ஸ் அதைத் தாழப் பறக்கவிட்டார். ஒருமுறை நன்றாகவே நிறைவேறிய காட்சியை மீண்டும் எடுக்கையில், அது மணல்மேட்டில் மோதி இரண்டாக முறிந்தது. மான்ஸ் மாண்டார், உடனிருந்த பொபி றோஸ் படுகாயத்துடன் தப்பினார். படத்தின் முடிவிலே மான்ஸுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டுள்ளது.

சிறு விமானத்தைக் கையிலெடுக்கும் பிள்ளைகள் அவரையும் ஒருகணம் நினைப்பது நன்று.