சின்சில்லா வளர்க்க ஆசையா? ஆரணி வெயிலில் ஏசி நின்றால் என்ன ஆகும்?

பஞ்சு மாதிரி ரோமம், எலி மாதிரி பெரிய காது, அணில் மாதிரி வால். ரீல்ஸில் ஒரு தடவை பார்த்தாலே ‘எனக்கும் ஒண்ணு வேணும்’ என்று சொல்ல வைக்கும் பிராணி சின்சில்லா. ஜோடியாக வாங்கி, குட்டி போட வைத்து விற்றால் சைடு இன்கம் ஆச்சே என்ற யோசனையும் கூடவே வரும்.

திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரணியில் இது சாத்தியமா? சாத்தியம்தான். ஆனால், அதற்கு என்ன விலை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

எங்கிருந்து வந்தது?

சின்சில்லாவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. வறண்ட காற்று, குளிர்ந்த பாறை இடுக்கு, இதுதான் அதன் வீடு. ரோமத்துக்காக வேட்டையாடியே மனிதர்கள் அதைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டார்கள். காட்டில் மிச்சமிருக்கும் 2 இனங்களும் இன்று அழியும் ஆபத்தில் இருப்பவை.

1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர், சிலியிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கப்பலில் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். வழியில் சூடு தாங்காது என்று கூண்டுகளை ஐஸ் வைத்துக் குளிர்வித்தார். இன்று வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தின் வாரிசுகள்தான்.

வெயில்தான் வில்லன்

நூறு வருஷம் ஆகியும் அந்த ஐஸ் தேவை மாறவில்லை. சின்சில்லாவுக்கு வசதியான வெப்பநிலை 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். 27-ஐத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக் ஆபத்து. அதற்கு வியர்க்காது. அடர்ந்த ரோமம் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. காது சிவப்பது, படுத்தபடியே மூச்சு வாங்குவது, எச்சில் வழிவது எல்லாம் எச்சரிக்கை மணி.

இங்கே புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். வங்கக் கடலும் பழவேற்காடு ஏரியும் அதிக தூரத்தில் இல்லை. காற்றில் ஈரம் ஏறினால் ரோமம் காயாமல் பூஞ்சைத் தொற்று வரும். அதனால், ஃபேன் மட்டும் போதாது. ஏசி வேண்டும், அதுவும் வருஷத்தில் பெரும்பாலான நாள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏசி மணிக்கு முக்கால் யூனிட் இழுத்தாலே நாளைக்கு 18 யூனிட். இரண்டு மாத பில்லில் 1,080 யூனிட். இலவச 100 யூனிட் அதில் காணாமலே போய்விடும்.

பில்லைவிடப் பெரிய பிரச்சினை பவர் கட். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மே மாத மதியம், பூட்டிய வீடு, கரண்ட் போய்விட்டது. வழக்கமான வீட்டு இன்வெர்ட்டர் லைட், ஃபேனைத்தான் ஓட்டும்; ஏசியை ஓட்டாது. அவர் வீடு திரும்புவதற்குள் கூண்டில் இருப்பவை மொத்தமும் செத்துப்போகலாம்.

கூண்டுக்குள் என்ன வேண்டும்?

* கம்பிக் கூண்டு. பிளாஸ்டிக் வைத்தால் கடித்துத் தின்றுவிடும்.
* தரை முழுக்கக் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். மரப்பலகைத் தட்டுகள் அவசியம்.
* குட்டிகள் நுழைந்து வெளியேற முடியாத அளவுக்குக் கம்பி இடைவெளி சின்னதாக இருக்க வேண்டும்.
* படுத்துக் குளிர்ச்சி வாங்க ஒரு கடப்பா கல் துண்டு. இது ஏசிக்குத் துணைதான், மாற்று இல்லை.
* தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. வாரத்துக்கு 2, 3 முறை அதற்கென விற்கும் மென்தூளில் புரளவிட வேண்டும். ஆற்று மணல் சரிப்படாது.
* பல் ஆயுசு முழுக்க வளரும். அதைத் தேய்க்க எந்நேரமும் காய்ந்த புல் வேண்டும். நம்ம ஊர் வைக்கோல் அதற்கு ஈடாகாது. முந்திரி, திராட்சை எல்லாம் வேண்டாம்.

குட்டிக் கணக்கு

கர்ப்பக் காலம் சுமார் 111 நாள். ஒரு ஈற்றில் பெரும்பாலும் 2 குட்டிகள். பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வரும். பெண் விலங்கு ஈன்ற உடனேயே மறுபடி சினைக்குத் தயாராகிவிடும். ஆணைப் பிரித்து வைக்காவிட்டால் ஓய்வே இல்லாமல் சினைபிடித்து உடம்பு உருக்குலைந்துபோகும்.

ஒரு ஆண், இரண்டு பெண் என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு இரண்டு ஈற்று போட்டால், 12 மாதத்தில் 3 என்பது 11 ஆகும். சின்சில்லாவின் ஆயுள் 10 முதல் 20 வருஷம். விற்காமல் தங்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அத்தனை வருஷம் ஏசி ஓட வேண்டும். வளர்ந்த குட்டிகளை ஆண், பெண் பிரித்து வைக்க கூடுதல் கூண்டும் வேண்டும். இல்லாவிட்டால் கூடப்பிறந்தவையே இனச்சேர்க்கை செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

காட்டுச் சின்சில்லா, சர்வதேச வன உயிரின வர்த்தகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் வளர்க்கப்படும் வகைக்கு அந்த ஒப்பந்தம் விலக்கு தருகிறது. இந்தியாவில் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகளும் வந்தன.

‘இதுக்கு எதுவும் தேவையில்லை சார்’ என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பில், பிறப்பு விவரம் இரண்டையும் கேளுங்கள். வாங்குவதற்கு முன்பே வனத்துறையிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டுவிடுங்கள்.

நம்ம ஊர் ‘சின்சில்லா’

தமிழ்நாட்டு முயல் பண்ணையாளர்களிடம் சின்சில்லா என்று சொன்னால் அவர்கள் நினைப்பது வேறு. சோவியத் சின்சில்லா என்ற சாம்பல் நிற முயல் இனம் இங்கே பல வருஷமாக வளர்க்கப்படுகிறது. ரோம நிறம் ஒத்துப்போனதால் வந்த பெயர். மற்றபடி இரண்டும் சொந்தமே இல்லை. விளம்பரத்தில் ‘சின்சில்லா’ என்று பார்த்தால் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முயலுக்கு ஏசி வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகை போதும். கர்ப்பக் காலம் ஒரு மாதம்தான். வளர்ப்பு பற்றிக் கேட்க, கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆடு, முயல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால், கோடையில் இதற்கும் கவனம் தேவை. வெப்பம் தொடர்ந்து 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் முயலின் இனப்பெருக்கத் திறன் தற்காலிகமாகக் குறையும்.

அப்போ, வாங்கலாமா?

மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் யோசிக்கலாம். கரண்ட் போனால் ஏசியை ஓட்ட ஜெனரேட்டர் இருக்கிறதா? நீங்கள் ஷிஃப்டில் இருக்கும்போது வீட்டில் யார் இருப்பார்கள்? சின்சில்லாவுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய டாக்டர் நம்பர் இப்போதே உங்கள் போனில் இருக்கிறதா?

ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், ரீல்ஸுக்கு ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் அந்தப் பிராணிக்கு நீங்கள் செய்யும் நல்லது.